தின்று போட்ட கொட்டையில் பிள்ளைகளோடு ஒரு நாற்றங்கால்

சித்திரை, வைகாசி வந்தால் எங்கள் வீட்டுச் சமையற்கட்டு வாளி நிரம்பி வழியும். மாங்கொட்டை, பலாக்கொட்டை, பப்பாளி விதை, பிழிந்து போட்ட எலுமிச்சை. விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் பேத்தியும் பேரனும் தின்று போடுகிற வேகம் அப்படி. நான் நத்தம் பக்கம் மூன்று ஏக்கரில் மாவும் ஊடுபயிருமாக ரசாயனம் இல்லாமல் விவசாயம் பார்க்கிறவள்.

நாலு வருசத்துக்கு முன்னால், பேத்திக்கு ஏழு வயசு இருக்கும்போது, வாளியைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மாச்சி, இதெல்லாம் விதைதானே? ஏன் எருக்குழில போடுறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. கத்தரி விதையையும் அவரை விதையையும் சாம்பலில் புரட்டிப் பொத்திப் பொத்தி வைக்கிற வீடு இது. பழக்கொட்டை மட்டும் எப்படிக் குப்பையானது? "சரி, போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

அந்த வருசம் செய்தது தப்பு. காய்கறி விதைக்குச் செய்கிற மாதிரியே எல்லாவற்றையும் கழுவி, மொட்டை மாடியில் நன்றாகக் காயப்போட்டு டப்பாவில் வைத்தோம். ஒரு மாதம் கழித்து விதைத்தோம். பப்பாளி முளைத்தது. மா, பலா, எலுமிச்சை ஒன்றுகூட வரவில்லை. பேரன் தினமும் குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "செத்துப் போச்சு அம்மாச்சி" என்றான். அவன் சொன்னதுதான் உண்மை. மாடியிலேயே அவற்றைக் கொன்றுவிட்டோம்.

விதையில் இரண்டு சாதி உண்டு. பப்பாளி, சீத்தா, கொய்யா, மாதுளை, புளி விதைகள் காய்ந்தாலும் உயிரோடு இருக்கும். மா, பலா, நாவல், எலுமிச்சை விதைகள் ஈரத்தோடு இருந்தால்தான் உயிர். காய்ந்தால் போச்சு. இவற்றைத் தின்ற கையோடு, அல்லது ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய பாடம் இது.

இப்போது நாங்கள் செய்யும் முறை இது. செம்மண், மணல், மக்கிய சாணி எரு மூன்றும் சம பங்கு. பால் கவர், கண்ணில் ஓட்டை போட்ட சிரட்டை, எது கிடைத்தாலும் சரி. நிழலில் வைத்து, மண் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும்.

மா: சதையைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, ஓட்டின் ஓரத்தைக் கத்தரியால் பிளந்து உள்ளே இருக்கும் பருப்பை எடுக்கவும். பிளக்கும் வேலை பெரியவர்களுடையது. வளைந்த முதுகு மேலே இருக்கும்படி ஒரு விரல் ஆழத்தில் வைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் செம்பு நிறத்தில் துளிர் வரும்.

எலுமிச்சை: கழுவி ஈரத்தோடு ஊன்றவும். ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று கன்றுகள் வருவதும் உண்டு. அதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பப்பாளி: விதையைச் சுற்றி வழவழப்பான ஒரு பை இருக்கும். அது முளைப்பைத் தடுக்கும். சாம்பலில் தேய்த்து அதை நீக்கி, கழுவி, நிழலில் உலர்த்திப் போடவும்.

அன்னாசி: கொண்டையைத் திருகி எடுத்து, அடி இலைகளை உரித்து, நாலைந்து நாள் நிழலில் வாட விட்டு நடவும். உடனே நட்டால் அழுகும். பழம் பார்க்க இரண்டு வருசம் ஆகலாம்.

சீத்தா: முளைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். ஒரு எச்சரிக்கை, இந்த விதையைப் பிள்ளைகள் உடைக்கவோ நுணுக்கவோ விடாதீர்கள். பொடி கண்ணில் பட்டால் கண்ணையே கெடுத்துவிடும்.

இரண்டாம் வருசம் பேத்தி, பக்கத்து வீட்டில் கொடுத்த நாட்டுப் பப்பாளியில் விதை எடுத்தாள். ஆடியில் கிணற்றடியில் மூன்று கன்று நட்டோம். வாரா வாரம் போனில் கேட்பாள், "என் மரம் எவ்ளோ உசரம் அம்மாச்சி?" மார்கழியில் பூத்தது. இரண்டு மரத்தில் நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ. ஆண் மரங்கள். காய்க்காது. மகரந்தத்துக்கு ஒன்று போதுமென்று மற்றொன்றை வெட்டிவிட்டேன். எங்களுக்கு அது வழக்கமான வேலைதானே.

பொங்கலுக்கு வந்தவள் வெட்டிய அடிக்கட்டையைப் பார்த்தாள். "என்னைக் கேக்காம எப்படி வெட்டுனீங்க? அது என் மரம்." அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

தப்பு என் மேல்தான். மரத்தை வெட்டியதைவிட, விதைக்கும்போதே சொல்லாததுதான் பெரிய தப்பு. நாட்டுப் பப்பாளியில் ஆணும் வரும், பெண்ணும் வரும்; விதையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; அதனால்தான் குழிக்கு மூன்று நாலு கன்று வைத்துப் பூத்தபிறகு கழிக்கிறோம். இதை ஏழெட்டு வயசுப் பிள்ளையிடம் சொன்னால் புரியாதென்று நானே முடிவு கட்டியிருந்தேன். மறுநாள் உட்காரவைத்து இரண்டு பூவையும் காட்டினேன். ஐந்து நிமிசத்தில் புரிந்துகொண்டாள்.

அதிலிருந்து, கொட்டையைக் கையில் கொடுக்கும்போதே உண்மையையும் சேர்த்துக் கொடுக்கிறேன். கடையில் வாங்கும் வீரிய ஒட்டுப் பப்பாளியின் விதை முளைக்கும். ஆனால் தின்ற பழம் மாதிரியே காய்க்குமென்று சொல்ல முடியாது. இமாம் பசந்தும் பங்கனபள்ளியும் கொட்டையில் தாயைப் போல வராது. எலுமிச்சை பெரும்பாலும் தாயைப் போலவே வரும். ஆப்பிள் விதை முளைக்கக் குளிர் வேண்டும். நம் வெயிலில் அதைக் காய்க்க வைப்பது பெரும்பாடு.

"அப்ப மாங்கன்னு வேஸ்ட்டா?" என்று கேட்டான் பேரன். இல்லை. ஒரு வயசுக் கன்றைத் தாய்மரக் கிளையோடு சேர்த்து நெருக்கு ஒட்டு கட்டலாம். அவன் தின்ற கல்லாமைக் கொட்டையில் வந்த கன்று, இன்று எங்கள் தோட்டத்து இமாம் பசந்தைத் தாங்கி நிற்கிறது. கயிறு கட்டும்போது கிளையைப் பிடித்துக்கொண்டது அவன்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் இந்த விடுமுறையில் வாளியைக் கொடுத்துப் பாருங்கள். பத்து போட்டால் நாலு முளைக்கும், இரண்டு தங்கும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வருசம் பேத்தி ஒரு பால் கவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "பப்பாளி. ஆணா பொண்ணா தெரியாது. பூக்கும்போது எனக்குப் போன் பண்ணவும்."