முன்பாரம், பின்பாரம்: குடும்பத்தோடு முகாம் போக ஒரு ஜீப்பைத் தயார் செய்வது எப்படி?

மாட்டுவண்டி ஓட்டியவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு: முன்பாரம், பின்பாரம். வண்டிக்கு இருப்பது ஒரே அச்சு. அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அது பின்பாரம். நல்ல வண்டிக்காரர் "கொஞ்சம் முன்னால நகந்து உக்காருங்க" என்று சொல்லியே பாரத்தைச் சரிபண்ணிவிடுவார்.

தார், ஜிம்னி, கூர்க்கா என்று நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் நம்ம பக்கமும் பெருகிவிட்டன. "குடும்பத்தோட கேம்பிங் போகணும், வண்டியில என்னென்ன மாத்தணும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஐந்து கதவு ஜிம்னி. நான் சொல்லும் பதில் இதுதான்: மாற்ற வேண்டியது ரொம்பக் குறைவு, கணக்குப் பார்க்க வேண்டியதுதான் அதிகம். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுக் காட்டப் போகிறேன்.

முகாம் நமக்குப் புதுசு இல்லை

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அரிசி, பாத்திரம், பாய் எல்லாம் கட்டிக்கொண்டு போய், குடில் போட்டு, நாள்கணக்கில் காட்டுக்குள் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவது தலைமுறைகளாக நடந்து வருகிறது. அந்தக் காலத்தில் கூண்டு வண்டிதான் இன்று நாம் 'கேம்பர்' என்று சொல்கிற வண்டி. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தால் மெத்தை ஆச்சு. போய்ச் சேர்ந்ததும் அதே வைக்கோல் மாட்டுக்குத் தீனி. ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. முகாம் வண்டிக்கான முதல் பாடத்தை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் எங்கே போகப் போகிறோம்?

வண்டியை மாற்றுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பாபநாசத்துக்கு மேலே உள்ள காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே நம் இஷ்டத்துக்கு வண்டியை ஓரங்கட்டி, கூடாரம் அடித்துப் படுக்க முடியாது. வனத்துறை சோதனைச் சாவடி, அனுமதி, நேரக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஆடி அமாவாசைக்கே சமீப ஆண்டுகளில் தனியார் வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் மேலே போக வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்துவிட்டது.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்குப் போகிற பாதை குண்டும் குழியுமானதுதான். ஆனால் அந்தப் பாதையில் ஊத்து, குதிரைவெட்டி வரைக்கும் அரசுப் பேருந்து ஏறியிருக்கிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற, நீளமான, கனமான பேருந்து! அது போகிற பாதைக்கு நம் ஜீப்பை நாலு இஞ்ச் உயர்த்த வேண்டிய அவசியம் என்ன?

ஆக, குடும்பத்தோடு உண்மையில் தங்கப்போவது காப்பகத்துக்கு வெளியே. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, கடையம் பக்கம் தெரிந்தவர் தோப்பு, உரிமையாளர் சம்மதத்தோடு. அங்கே நம்மைச் சோதிப்பவை மழைக்குப் பின் சேறான வண்டித்தடம், குறுகலான வாய்க்கால் கரை, ராத்திரிக் கொசு. வண்டியை அதற்குத்தான் தயார் செய்ய வேண்டும்.

345 கிலோ பட்ஜெட்

ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் ஒரு மொத்த எடை வரம்பு சொல்லியிருப்பார். ஐந்து கதவு ஜிம்னிக்கு அது 1545 கிலோ. வெறும் வண்டியின் எடை சுமார் 1200 கிலோ. மிச்சம் 345 கிலோ. ஆட்கள், சாமான், தண்ணீர், கடையில் மாட்டுகிற இரும்பு, எல்லாமே இந்த 345க்குள் அடங்கணும்.

நாலு பேர் குடும்பத்துக்கு, இரண்டு ராத்திரிக்குப் போட்ட கணக்கு இது:

- அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்: 210 கிலோ
- குடிக்க, சமைக்கத் தண்ணீர் (ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர்): 40
- கூடாரம், பாய், போர்வை: 25
- அடுப்பு, பாத்திரம், அரிசி பருப்பு: 25
- கருவிகள், காற்றடிக்கும் கம்ப்ரஸர், இழுவைப் பட்டை, மண்வெட்டி: 15
- துணிமணி: 15
- பேட்டரி, விளக்கு: 6

கூட்டினால் 336. மிச்சம் 9 கிலோ!

இப்போ கடைகளில் விற்கிறதைப் பாருங்க. இரும்பு பம்பர் 40 கிலோவைத் தாண்டும். கூரை மேல் கூடாரம் 50, 60 கிலோ. கூரை ரேக் இன்னொரு 20, 30. இதில் ஏதாவது ஒன்றை மாட்டினாலே குடும்பத்தில் ஒரு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டிய கணக்கு வருகிறது. யாரும் விடமாட்டோம், வரம்பை மீறித்தான் போவோம். மலையிறக்கத்தில் பிரேக் சூடாவது, ஸ்பிரிங் உட்கார்வது, டயர் வெடிப்பது எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கூரை மேல் சுமை ஏன் கூடாது?

இது பொறியியல் கல்லூரி முதலாண்டுப் பாடம்தான். சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்கணும். வருகிற எண் பெரிதாக இருந்தால் வண்டி நிலையாக நிற்கும்.

ஜிம்னியின் சக்கர இடைவெளி சுமார் 1.4 மீட்டர், பாதி 0.7. எடை மையத்தின் உயரத்தைக் கணக்குக்காக 65 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 70ஐ 65ஆல் வகுத்தால் 1.08. பக்கவாட்டுச் சரிவில் சுமார் 47 டிகிரி வரை கவிழாமல் நிற்கும் என்று அர்த்தம். இப்போ வண்டியை 5 செ.மீ. உயர்த்தி, கூரையில் 60 கிலோ ஏற்றுங்கள். எடை மையம் ஏறக்குறைய 74 செ.மீ.க்குப் போகும். எண் 0.95 ஆகும், கோணம் 43 டிகிரி.

"நாலு டிகிரிதானே" என்று தோன்றும். விஷயம் கோணத்தில் இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானம் 0.8, 0.9 என்ற அளவில் இருக்கும். நிலைத்தன்மை எண் இதைவிட நல்ல வித்தியாசத்தில் பெரிதாக இருந்தால், திடீரென்று ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வண்டி கவிழ்வதற்கு முன் சறுக்கும். இரண்டு எண்ணும் நெருங்கிவிட்டால், சறுக்க வேண்டிய வண்டி கவிழும். ஓடும் வண்டி வளைவில் ஸ்பிரிங் மேல் சாயவும் செய்யும் என்பதால் நிஜத்தில் மிச்சம் இன்னும் குறைவு. உள்ளே இருப்பது நம் பிள்ளைகள்.

பின்பாரம்

கதவுக்குப் பின்னால் பெட்டி, கேன் என்று தொங்கவிடுகிறார்கள். 60 கிலோவைப் பின் அச்சுக்கு 70 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால், பின் அச்சில் ஏறுவது 60 இல்லை, 76 கிலோ. கூடுதலான அந்த 16 கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டது. நெம்புகோல் கணக்கு. முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் பிடி குறையும், ஈரச் சாலையில் பிரேக்கும் குறையும். வண்டிக்காரர் சொன்ன பின்பாரம் இதுவேதான், மாட்டின் கழுத்துக்குப் பதில் முன் டயர்.

அதனால் கனமான சாமான் (தண்ணீர், கருவிப்பெட்டி, பேட்டரி) தரையோடு தரையாக, பின் அச்சுக்கு முன்னால், பின்சீட்டை ஒட்டி இருக்கணும். போர்வை, துணி போன்ற இலேசானவை மேலேயும் பின்னாலேயும். எல்லாவற்றையும் பட்டையால் இறுக்கிக் கட்டணும். மோதலில் பறக்கும் 15 கிலோ கருவிப்பெட்டி யாருடைய தலையில் விழும் என்று நினைத்துப் பாருங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. முன்னால் மாட்டும் புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவருக்கு ஆபத்து என்பதோடு, மோதலை உணர்ந்து ஏர்பேக் விரிகிற கணக்கையும் அது குழப்பிவிடும்.

பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடுவதிலும் இதே சிக்கல்தான். இருக்கை எண்ணிக்கை பதிவுச் சான்றில் இருக்கிறது. நிரந்தரப் படுக்கை வண்டிதான் வேண்டும் என்றால் கேரவனுக்கென்று தனித் தர விதி, ஏ.ஐ.எஸ். 124, இருக்கிறது. அது வேறு பாதை. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைத் தகராறு செய்யவும் முடியும்.

நான் வைத்திருக்கிற விதி எளிது: ஸ்பானர் இல்லாமல் பத்து நிமிஷத்தில் கழற்ற முடியாத எதையும் முகாமுக்காக வண்டியில் மாட்டுவதில்லை.

ஆற்றில் இறக்காதீர்கள்

வெள்ளத்தில் ஜீப் ஓட்டும் வீடியோக்களைப் பார்த்து ஸ்நார்க்கல் மாட்டுகிறார்கள். ஸ்நார்க்கல் இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் காக்கும், சரி. வண்டி மிதப்பதைத் தடுக்காது. ஜிம்னி அளவு வண்டியின் அடிப்பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். தண்ணீர் அடித்தட்டைத் தொட்ட பிறகு, ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் சுமார் 500 கிலோ மேல்நோக்கித் தூக்கும். உள்ளே தண்ணீர் புகுவதற்குள் 30 செ.மீ. ஏறினால் 1500 கிலோ. ஆள், சாமானோடு முழு வண்டியும் தக்கை மாதிரி எழும்பிவிடும். சக்கரம் தரையில் இல்லாவிட்டால் நாலு சக்கர இயக்கம் இருந்து என்ன பயன்?

தாமிரபரணியின் தலைப்பகுதியில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகள். மேலே மலையில் பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் தண்ணீர் கூடும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததும், திருநெல்வேலி நகருக்குள் ஆறு புகுந்ததும் நமக்கு மறக்காது. கூடாரத்தை ஆற்று மணலில் அடிக்காமல், கரையைத் தாண்டி மேட்டில் அடியுங்கள். வண்டியை வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள்.

அப்போ என்னதான் செய்யலாம்?

*டயர்:* அதே அளவில், மண்பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர். சேற்றில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் தரையில் படும் பரப்பு கூடும், புதைவது குறையும். தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப அடிக்கணும். கம்ப்ரஸர் அதற்குத்தான். சக்கரம் சுற்றினால் அடியில் போட இரண்டு பழைய சாக்கு.

*மின்சாரம்:* ஒரு ராத்திரிக்கு விளக்கு 25 வாட் அவர், இரண்டு சின்ன மின்விசிறி 65, நாலு போன் 60. மொத்தம் 150. 12 வோல்ட், 24 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 300 இருக்கும். இரண்டு ராத்திரிக்குச் சரி. எடை மூன்று கிலோ சொச்சம். பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃப்யூஸ் போடணும். வண்டியின் வயரிங்கைத் தொட வேண்டாம், காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டிய பேட்டரியும் பத்திரமாக இருக்கும்.

*படுக்கை:* சீட்டுகளைச் சாய்த்து, பள்ளங்களில் துணிப்பைகளை அடைத்து, மேலே மெத்தை. வைக்கோல் கணக்குதான், துணிப்பை பகலில் பை, ராத்திரியில் படுக்கை. பிள்ளைகள் வண்டியில், பெரியவர்கள் பக்கத்தில் கூடாரத்தில். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, வெல்க்ரோ தைத்த கொசுவலையை ஒட்டினால் போதும். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

*நிழல்:* ஒரு தார்ப்பாய், இரண்டு கம்பு, கயிறு. மலையடிவாரத் தோப்புகளில் காட்டுப்பன்றி வரும், சில இடங்களில் யானையும் வரும். மிச்சச் சாப்பாட்டை வெளியே விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. புறப்படுகிற அன்று, எல்லாரையும் ஏற்றி, எல்லாச் சாமானும் வைத்து, வழியில் உள்ள ஒரு எடைமேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒரு தடவை, முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு தடவை நிறுங்கள். முதல் எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பின் அச்சின் பாரம் கிடைக்கும். அதையும் வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வரம்பு போட்டிருந்தால் ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் அங்கேயே எதையாவது இறக்கி வைக்கலாம், அல்லது பின்னால் இருக்கிற தண்ணீர் கேனைச் சீட்டுப் பக்கம் நகர்த்தலாம். வண்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே விலை குறைந்தது இதுதான்.