கொட்டியாரக் குடாவில் ஒரு கயாக்: எதை எங்கே கட்டுவது?

மாத்தளை மாவட்டம் நாலந்தாவில் உள்ள கெடிகே என்ற பழைய கற்கட்டடம் முதலில் கட்டப்பட்ட இடத்தில் இப்போது இல்லை. மகாவலித் திட்டத்தில் பொவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அதைக் கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். பொவதென்னவின் நீரில் ஒரு பகுதி சுரங்கம் வழியே கலாவெவப் பக்கம் திருப்பப்படுகிறது. மிகுதி அம்பன் கங்கையாக ஓடி, மகாவலியில் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது.

மலைநாட்டின் நீர்த்தேக்கத்தில் துடுப்புப் பிடிக்கப் பழகியவர் அந்தக் குடாவிலும் கயாக் ஓட்டலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கடலில் கயாக் கவிழ்ந்தால் உயிரைக் காப்பது நீச்சல் திறமை மட்டுமல்ல. எந்தப் பொருளை எங்கே வைத்தோம் என்பதும்தான்.

இது புதிய அறிவு அல்ல. கயாக்கை உருவாக்கிய ஆர்க்டிக் பிரதேச மக்கள், ஈட்டியையும் அதன் கயிற்றையும் படகின் மேல்தட்டில் தோல் வார்களுக்குள் செருகி, உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில் வைத்தார்கள். நமது கட்டுமரத்துக்கு உள்ளறையே கிடையாது. அதில் கட்டாத பொருள் கடலுக்குப் போன பொருள்தான்.

இன்றைய கடல் கயாக் பெரும்பாலும் ஐந்து மீற்றர் நீளமும் அறுபது சென்ரிமீற்றருக்கும் குறைவான அகலமும் கொண்டது. உள்ளே தடுப்புச் சுவர்கள் உண்டு. முன்னும் பின்னும் உள்ள மூடிய அறைகள் பொருள் வைப்பதற்கு மட்டுமல்ல. அவற்றிலுள்ள காற்றுத்தான் கவிழ்ந்த படகை மிதக்க வைக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அறை நீரால் நிறையும். எனவே மூடியை மட்டும் நம்பாமல், ஒவ்வொன்றையும் நீர்புகாப் பைகளில் இடவேண்டும். ஒரு பெரிய பையை விடப் பல சிறு பைகள் நல்லது. அறையின் வாய் சிறியது. ஒரு பை கிழிந்தாலும் மற்றவை காய்ந்திருக்கும். காற்றையும் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்தது பாரம். பத்து லீற்றர் குடிநீர் என்றால் பத்துக் கிலோ. அது இருக்கைக்கு அருகே, படகின் அடியில், நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். உடை, படுக்கை போன்ற இலேசானவை இரு முனைகளுக்கும் போகலாம். முன்பக்கம் கனத்தால் பின்பக்கத்தைக் காற்று தள்ளி, படகு காற்றை எதிர்நோக்கித் திரும்பும். பின்பக்கம் கனத்தால் முன்முனை காற்றோடு போகும். பொருட்கள் உருண்டால் இரண்டும் மாறிமாறி நடக்கும். ஆகவே இடைவெளிகளை அடைத்துவிட வேண்டும். புறப்படுமுன் கரையோர ஆழமற்ற நீரில் அமர்ந்து, படகு ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மேல்தட்டில் குவிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உயரமான மூட்டை படகின் சமநிலையைக் குலைப்பதோடு, காற்றுக்குப் பாய் விரித்ததுபோல் ஆகிவிடும். கிழக்குக் கரையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும்; கரையோரத்தில் அலை பெரிதாகத் தெரியாது, படகு மட்டும் வெளியே போய்க்கொண்டிருக்கும். மேலும், நீரில் விழுந்தவர் படகில் மீண்டும் ஏறுவது மேல்தட்டின் மேலாகத்தான். எனவே அங்கே மேலதிகத் துடுப்பு, நீரிறைக்கும் கைப்பம்பு, வரைபடம் போன்றவை மட்டும் இருந்தால் போதும். அவற்றைக் கட்டும் கயிறு குறுகியதாக இருக்கட்டும். நீளமாகத் தொங்கும் கயிறு காலைச் சுற்றும்.

சுற்றுலாக் கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும், மேலே அமர்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குகள் பலவற்றில் தடுப்புச் சுவர்களே இருக்காது. அவற்றில் வடிகால் அடைப்பான் இறுக்கமாக உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். பொருட்களை வலைக்குள் செருகினால் போதாது, கட்ட வேண்டும்.

இத்தனைக்கும் மேலான விதி ஒன்று உண்டு. படகும் ஆளும் பிரிந்தால் படகிலுள்ள எதுவும் ஆளுக்கு உதவாது. காற்றில் வெறும் கயாக், நீந்துபவரை விட வேகமாக விலகிப் போகும். உயிர்காப்பு அங்கி, விசில், நீர்புகா உறையிட்ட கைபேசி, சிறு விளக்கு ஆகியவை உடலில்தான் இருக்க வேண்டும். பின்னறையில் பத்திரமாகப் பூட்டிய கைபேசியிலிருந்து 119ஐயோ, 1990 அம்புலன்ஸ் சேவையையோ அழைக்க முடியாது.

கரை பக்கத்தில்தானே என்ற நினைப்பும் உதவாது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தது கரை கண்ணுக்குத் தெரியும் களப்பு நீரில்தான். பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அது கயாக் அல்ல, காரணங்களும் வேறு. ஆனால் அமைதியான நீர் ஆபத்தற்ற நீர் என்ற நம்பிக்கைக்கு அந்த நாளே பதில்.

ஆகவே புறப்படும் முன் ஒவ்வொரு பொருளையும் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது எனக்கு எப்போது தேவைப்படும்? நீருக்குள் விழுந்த பிறகு என்றால் உடலில். துடுப்புப் போடும்போது என்றால் மேல்தட்டில். கரை சேர்ந்த பிறகு என்றால் மூடிய அறையில்.