ஊர் மாறியவர்கள் வளர்க்கும் ஏற்றுமதி

புதுப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மாமல்லபுரத்தில் சாலையோரமாகவே சிற்பப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே செதுக்கும் கருங்கல் சிலைகள் நம் ஊர்க் கோயில்களுக்குப் போவது போலவே கடல் தாண்டியும் போகின்றன. வெளிநாட்டில் அவற்றைக் கேட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய்க் குடியேறியவர்கள். மக்கள் நாடு விட்டு நாடு போவது வெளிநாட்டு வியாபாரத்தை எப்படி வளர்க்கிறது என்பதற்கு நம் வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

அமெரிக்கா 1965-ல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. நம் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் அங்கே போகத் தொடங்கினார்கள். 1977-ல் நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பிறகு ஊருக்கு ஊர் கோயில்கள் எழுந்தன. மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதி வெளிநாட்டுக் கோயில்கள் பலவற்றை வடிவமைத்தார்.

குடியேறியவர்களால் வியாபாரம் வளர்வதற்கு, பழகிய பொருளையே மனம் தேடும் என்பது ஒரு காரணம். சிலை, அப்பளம், பட்டுப்புடவை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது நம்பிக்கை. சிலைக்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லை. கல்லில் ஓட்டம் இருக்கிறதா, தட்டினால் நாதம் வருகிறதா, சாஸ்திர அளவு சரியா, சொன்ன நாளில் வந்து சேருமா என்று முன்பணம் கொடுப்பவர் எப்படி அறிவார்? அங்கே குடியேறிய தமிழருக்கு, இங்கே போய்ப் பார்த்துச் சொல்ல ஒரு மாமாவோ கூடப் படித்தவரோ இருப்பார். ஏமாற்றினால் அடுத்த ஆர்டர் வராது என்பது பட்டறைக்காரருக்கும் தெரியும். கோர்ட் வாசலை மிதிக்காமலே சொன்ன சொல் நிலைக்கிறது.

பொருளியலாளர்கள் ஜேம்ஸ் ரவுச்சும் விட்டர் ட்ரிண்டாடேயும் 2002-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. பல நாடுகளில் வாழும் சீனர்களின் தொடர்புகளால் எல்லாப் பொருள்களின் வியாபாரமும் கூடியது. ஆனால் ஊரறிந்த விலை உள்ள சரக்குகளைவிட, ஒன்றுபோல் ஒன்று இல்லாத பொருள்களில் அது அதிகமாகக் கூடியது.

குடியேறியவர்களை ஏற்ற நாட்டுக்கும் இதில் ஆதாயம் உண்டு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கனடாவைப் பற்றி கீத் ஹெட், ஜான் ரீஸ் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாட்டிலிருந்து வந்து குடியேறுவோர் 10 சதவீதம் கூடினால் அந்த நாட்டுக்குக் கனடாவின் ஏற்றுமதி சுமார் 1 சதவீதமும், அங்கிருந்து இறக்குமதி சுமார் 3 சதவீதமும் கூடுவதாகக் கண்டார்கள். வியட்நாம் அகதிகளின் கதை இன்னும் அழுத்தமானது. 1975-க்குப் பிறகு அமெரிக்க அரசு அவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்துக் குடியமர்த்தியது. வியட்நாம் மீதான வியாபாரத் தடை 1994-ல் நீங்கியதும், வியட்நாமியர் அதிகம் வாழ்ந்த மாநிலங்களே அந்நாட்டுக்குக் கூடுதலாக ஏற்றுமதி செய்தன. உயிர் பிழைக்க ஓடி வந்தவர்களே வியாபாரத்துக்குப் பாலமானார்கள்.

குடியேறிய இடத்தில் வியாபாரம் வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதைச் சொல்கிறது. குளம் வெட்டும் அளவுக்கு அங்கே நம்மவர்கள் வேரூன்றியிருக்கிறார்கள். இங்கேயும் வெளியார் வந்து தங்கியதுண்டு. புதுப்பட்டினத்துக்குப் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி ஏற்றுமதி செய்தார்கள். ஆனால் அவர்கள் பீரங்கியோடு வந்தவர்கள். அதைக் குடியேற்றக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

வெளிநாடு போனவர்கள் என்றதும் அவர்கள் அனுப்பும் பணத்தைத்தான் பேசுகிறோம். அவர்களால் வரும் ஆர்டரையும் கணக்கில் வைக்க வேண்டும். நம்மவர்கள் அதிகம் இல்லாத நாடுகளுக்குச் சிலை விற்பது கடினம். அங்கே சாட்சி சொல்ல ஆள் இல்லை. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் கிடைத்த புவிசார் குறியீடு அந்த இடத்தை ஓரளவு நிரப்பலாம். அதற்கு ஒவ்வொரு பட்டறையும் அந்த முத்திரையைத் தன் சிலையோடு சேர்த்து அனுப்பும் நிலை வர வேண்டும்.