சுமை தாங்கும் மரப்பெட்டி

கோயம்புத்தூரில் உருவான கடைசல் இயந்திரம் ஒன்று கடல்கடந்து செல்லவிருப்பதாகக் கொள்வோம். அதன் எடை 2 டன். தூத்துக்குடித் துறைமுகம்வரை அது சரக்குந்தில் குலுங்கிச் செல்லும், பாரந்தூக்கியில் தொங்கும், கப்பலில் பல நாள்கள் அலையோடு ஆடும். இவ்விடர்களிலிருந்து அதனைக் காப்பது ஒரு மரப்பெட்டி. பெட்டி உடைந்தால் இழப்பு இயந்திரத்தோடு நில்லாது. அருகில் நிற்கும் தொழிலாளரின் உயிருக்கும் ஊறு நேரலாம். ஆகவே, பெட்டி செய்வதும் பொறியியல் அறிவு வேண்டும் பணியே.

அடித்தளமே ஆதாரம்

பெட்டியின் வலிமை பலகைகளின் தடிமனில் இருப்பதாகப் பலர் எண்ணுவர். உண்மையில், எடை எவ்வழியே தரையைச் சேர்கிறது என்பதே முதன்மையானது. இயந்திரத்தின் முழு எடையையும் நீளவாக்கில் அமைந்த தடித்த அடிக்கட்டைகளே தாங்கவேண்டும். பக்கப் பலகைகள் அல்ல. அடிக்கட்டைகளின் குறுக்கே வலிய கட்டைகளைப் பொருத்தி, இயந்திரத்தின் கால்களை அவற்றோடு மரையாணிகளால் பிணைப்பர். இங்கு வெறும் ஆணி போதாது. ஓடும் ஊர்தி திடீரென நின்றாலும், நிலைமத்தால் இயந்திரம் முன்னோக்கிச் செல்லவே முனையும். சாலைப் பயணத்தில் எடையைப்போல் 0.8 மடங்கு விசை முன்னோக்கிச் செயல்படும் எனக் கொண்டே பிணைப்பின் வலிமையைக் கணக்கிடுவர். நம் இயந்திரத்திற்கு இது 1.6 டன் எடைக்கு இணையான விசையாகும்.

முக்கோணத்தின் உறுதி

நான்கு சட்டங்களை ஆணியடித்துச் செவ்வகமாக்கி, ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். அது இணைகரமாகச் சாய்ந்துவிடும். மூலைவிட்டமாக ஒரு சட்டத்தைச் சேர்த்தால் இரண்டு முக்கோணங்கள் உருவாகும். பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. கணக்கு வகுப்பில் நாம் கற்ற இவ்வுண்மையே பெட்டியின் சுவர்களைச் சாயாமல் நிறுத்துகிறது.

ஆணியடிப்பதிலும் நுட்பம் உண்டு. மரத்தின் இழைகளுக்குக் குறுக்காக இறங்கும் ஆணியை மரம் இறுகப் பற்றும். வெட்டுமுனையில், இழைகளின் போக்கிலேயே இறங்கும் ஆணி எளிதில் கழன்றுவிடும். ஈரமரமும் ஆகாது. அது உலர்ந்து சுருங்கும்போது ஆணியின் பிடி தளரும்.

ஈரமும் எடைமையமும்

கடற்பயணத்தில் வெப்பநிலை குறையும்போது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து, உலோகத்தின்மீது நீர்த்துளிகளாகப் படியும். எனவே இயந்திரத்திற்குத் துருத்தடுப்பு எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை உடன்வைத்து, காற்றுப்புகா உறையால் மூடுவர்.

கடைசல் இயந்திரத்தில் மின்னோடியும் பற்சக்கரங்களும் அமைந்த தலைப்பகுதி கனமானது. ஆதலால் எடைமையம் பெட்டியின் நடுவில் அமையாது. அது இருக்குமிடத்தைப் பெட்டியின் வெளிப்புறத்தில் குறித்தல் வேண்டும். அக்குறி இல்லையேல், நடுவில் கயிறு பூட்டித் தூக்குபவர் கண்முன்னே பெட்டி ஒருபுறம் சரியும்.

மரத்தோடு பயணிக்கும் வண்டு

பெட்டியின் மரத்திற்குள் உயிர்களும் பயணம் செய்யும். 1996ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டறியப்பட்டது. சரக்குகளைப் பொதிந்த மரத்தின் வழியே அது வந்திருக்கவேண்டும் என அறிஞர்கள் கருதினர். அதன் பரவலைத் தடுக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட நேர்ந்தது. இத்தகைய தீங்கைத் தடுக்கவே 2002ஆம் ஆண்டில் ‘ஐ.எஸ்.பி.எம். 15’ என்னும் பன்னாட்டு நெறிமுறை உருவானது. அதன்படி, மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடங்களேனும் இருக்குமாறு சூடேற்றுவர். இதற்குச் சான்றாகக் கதிர் வடிவச் சின்னம் பெட்டியில் பொறிக்கப்படும்.

இயந்திரம் உரிய இடத்தை அடைந்ததும் பெட்டி பிரிக்கப்படும்; அதனைச் செய்தவரை எவரும் வினவுவதில்லை. எனினும், இயந்திரம் பழுதின்றி இயங்குவதும், அதைத் தூக்கி இறக்கியவர்கள் நலமாக வீடு திரும்புவதும், அயல்நாட்டுக் காடுகள் அழியாதிருப்பதும் அத்தச்சரின் கைத்திறனால் விளைந்த நன்மைகளே. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் செம்மையாகச் செய்யப்படும் பணியே பிறரைக் காக்கும் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.