தெய்வத்தின் சார்பில் ஒரு கையொப்பம்

நிலம் ஓரிடத்திலும் உடையவர் வேறிடத்திலுமாக இருப்பது தஞ்சைச் சீமைக்குப் புதிதன்று. சென்னையில் உத்தியோகம் பார்த்த மிராசுதார்கள் குத்தகை நெல்லை அளந்து வாங்கவும், கிஸ்தி கட்டவும், அவசியமானால் விற்கவும் தங்கள் காரியஸ்தர்களுக்குப் பவர் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். இன்று சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் அவ்வாறே எழுதிக்கொடுக்கிறார்கள். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் பிரகாரம், இப்படி ஏஜெண்டை நியமிப்பவர் மேஜராகவும் சித்தசுவாதீனம் உள்ளவராகவும் இருக்கவேண்டும்; அவர் கேட்கும்போது ஏஜெண்டு கணக்குக் காட்டியாகவேண்டும்; அவர் காலமானால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துபோகும்.

ஆனால் காவிரிப் படுகையின் பெரிய நிலச்சுவான்தார்களில் கேட்கவும் பேசவும் கையொப்பமிடவும் இயலாதவர் ஒருவர் உண்டு. அவர் கோயிலில் எழுந்தருளியிருக்கும் ஸ்வாமி. சொத்து அவர் பெயரில். சட்டத்தின் கண்ணுக்கோ அவர் என்றும் மைனர். தம் பிரதிநிதியைத் தாமே நியமிக்க இயலாத அவருக்காக, யாரோ ஒருவர் கையெழுத்திட்டே தீரவேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலைச் சோழர் காலத்தவர் தீர்த்த விதம் வியக்கத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், கோயில் முதலிலிருந்து பொற்காசு கடன்பெற்ற கிராம சபைகள், ஸ்வாமியின் முதல் தொண்டரான சண்டேசுவரரிடமிருந்தே பெற்றதாகவும், காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12½ வீதம், வருஷந்தோறும் பொலிசை என்னும் வட்டி செலுத்தக் கடமைப்பட்டிருப்பதாகவும் வெட்டப்பட்டிருக்கிறது. கோயில் நிலத்தை விற்றால் அந்த விலைக்குச் சண்டேசுவரப் பெருவிலை என்றே பெயர். வரவானாலும் செலவானாலும் அவர் பெயரில்தான்.

அப்பதவிக்கு அவர் வந்த கதை கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருச்சேய்ஞலூரில் பிறந்தது. மண்ணியாற்றங்கரையில் விசாரசர்மர் என்னும் அந்தணச் சிறுவர் மணலால் லிங்கம் அமைத்துப் பாலாட்டிப் பூஜித்துக்கொண்டிருக்க, பாற்குடத்தைக் காலால் உதைத்த தந்தையின் காலையே அவர் வெட்டினார். ஈசன் தோன்றி அவருக்குச் சண்டீச பதம் அளித்தார். கதையின் கொடுமையை நாம் மழுப்பவேண்டியதில்லை. உறவுக்காகக்கூட ஸ்வாமியின் பொருளை விட்டுக்கொடுக்காத ஒருவரைத்தான் அந்தக் காலத்தவர் காரியகர்த்தராகத் தேர்ந்தார்கள் என்பதே என் அபிப்பிராயம். கோயிலிலிருந்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்டுவதற்காகவே அவர் சந்நிதியில் நாம் இன்றும் கையைத் தட்டிக் காட்டுகிறோம்.

ஸ்வாமிக்காக யார் பேசுவது என்ற கேள்வி நம் காலத்திலும் லண்டன் வரை சென்று வழக்காயிற்று. 1976இல், அப்போது தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த பத்தூரில், பாழடைந்த விசுவநாதசுவாமி கோயிலருகே மண் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்குச் செப்புத் திருமேனியான நடராஜர் கிடைத்தார். கைமாறிக் கைமாறிக் கடல்கடந்த அந்த விக்கிரகத்தை 1982இல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கியது; பின்பு லண்டன் போலீஸார் அதைக் கைப்பற்ற, உரிமை யாருக்கு என்ற விசாரணை எழுந்தது. கோயிலின் சார்பில் தக்கார் என்ற ஸ்தானத்தில் ஒருவர் நின்று வழக்காடினார். கோயிலை ஓர் ஆளாகக் கருதும் வழக்கம் இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லாதிருந்தும், இந்தியச் சட்டம் அங்கீகரிக்கும் அந்த ஆள் தன் பிரதிநிதி மூலம் அங்கே வழக்காடலாம் என்று 1991இல் அப்பீல் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. நடராஜர் தமிழகம் திரும்பினார். பூஜையற்றுப் பாழாய்க் கிடந்த ஒரு கிராமத்துக் கோயிலுக்காக நேர்மையாகப் பேச ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு சாத்தியம் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

நமது ஊர்களிலோ அந்தக் கையெழுத்தைச் செயல் அலுவலரும் அறங்காவலரும் தக்காரும் இடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் யோக்கியர்கள் என்றே நம்புகிறேன். எனினும், குத்தகைதாரர் பெயர் ஒன்று, உழுகிறவர் வேறொருவர், பாக்கி எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது என்ற நிலைமை பல ஊர்களில் உண்டு. உயிருள்ள மிராசுதார் ஏஜெண்டைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்பார். பவரை ரத்து செய்வார். ஸ்வாமியின் பிரதிநிதியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தாம். 1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, கோயில் நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் பரிவர்த்தனை செய்யவும் ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் கமிஷனரின் அனுமதி வேண்டும் என்பதோடு, அனுமதிக்கு முன் விவரங்களைப் பிரசுரித்து ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும் என்றும் விதிக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி அத்தகைய அறிவிப்பு வரும்போது அருள்கூர்ந்து படியுங்கள். ஆட்சேபம் இருந்தால் காலக்கெடுவுக்குள் எழுதி அனுப்புங்கள்.