ஈரக்காற்றில் உழைக்கும் உடல்

வேர்த்துக் கொட்டினால் சூடு இறங்கிவிடும் என்பது இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் எல்லாரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. கூடையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணும், விடியலில் இறப்பர் மரத்தில் பால் வெட்டும் ஆணும், அவர்களிடம் வேலை வாங்கும் கங்காணியும் துரையும் இதில் ஒருமனத்தர். நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறியாமையால் விளையும் கேடு, நண்பகல் வெயிலில் சரிவில் நிற்கும் உடலின்மேல் விழுகிறது.

50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பெண் வாளா அமர்ந்திருக்கும்போதே அவளுடல் 70 வாற்று அளவில் வெப்பத்தைப் பிறப்பிக்கிறது. அது வெளியேறாமல் தங்கினால், ஒரு மணி நேரத்தில் உடல் வெப்பநிலை ஒரு பாகைக்குமேல் ஏறிவிடும். கூடை சுமந்து, சரிவில் கால் ஊன்றி, இரு கைகளும் ஓயாமல் கொழுந்து பறிக்கையில் அவ்வெப்பம் 300 வாற்றை நெருங்கும். தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வேலையாக மாறுவதில்லை; வெப்பமாகவே உள்ளே நிற்கிறது. அத்தனையையும் வெளியேற்றி 37 பாகை செல்சியசை ஒட்டி நிற்பதே உயிர் நிலைத்திருக்க வேண்டிய கட்டாயம்.

வெளியேறும் வழிகள் நான்கு: கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு, ஆவியாதல். முதல் மூன்றும், சூழல் தோலைவிடக் குளிர்ந்திருந்தால்தான் உடலுக்குத் துணை நிற்கும். உழைப்பவரின் தோல் 35 பாகை அளவில் இருக்கிறது. பங்குனி, சித்திரை நாள்களில் எட்டியாந்தோட்டையிலோ காவத்தையிலோ காற்று 32 பாகையைத் தொட்டுவிட்டால் இடைவெளி மூன்றே பாகை. வானம் தெளிந்திருந்தால் கதிரவனின் கதிர்ப்பு வேறு உடலுக்குள் வெப்பத்தைச் சேர்க்கும். எஞ்சுவது ஆவியாதல் ஒன்றே.

ஒரு கிராம் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மணிக்கு அரை லீற்றர் முழுவதும் ஆவியாகுமானால், 300 வாற்றுக்குமேல் அதனால் மட்டுமே வெளியேறிவிடும். வியப்புக்குரிய ஏற்பாடு இது! ஆனால் முழுவதும் ஆவியாக வேண்டும். நெற்றியிலிருந்து வழிந்து தேயிலைச் செடியில் சொட்டிய துளி உடலின் நீரையும் உப்பையும் கொண்டுபோயிற்று, வெப்பத்தைக் கொண்டுபோகவில்லை.

ஆவியாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிப்பது காற்று. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்குமேல் மழை கொள்ளும் இரத்தினபுரியில் அக்காற்று முன்பே நீராவி நிறைந்தது. 32 பாகை வெப்பநிலையுள்ள ஈரிடங்களை எண்ணிப் பாருங்கள்: ஒன்றில் சார்பு ஈரப்பதன் 30 விழுக்காடு, மற்றதில் 75. வியர்வையைத் தோலிலிருந்து பிரித்தெடுக்கும் ஆவியமுக்க வேறுபாடு, முன்னதில் உள்ளதன் பாதியளவே பின்னதில் இருக்கிறது. இரண்டிடத்திலும் வெப்பமானி காட்டுவது ஒரே எண்தான். வறண்ட நிலத்தில் உழைப்பவன் தன் தோல் உலர்ந்திருக்கக் கண்டு வியர்க்கவில்லை என்று எண்ணுவான்; அவன்தான் நன்றாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறான். சட்டை தோய்ந்து ஒட்டுமளவு நனைந்திருப்பவரின் உடல், வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டை 1775ஆம் ஆண்டில் இலண்டன் அரசவைக் கழகத்துக்கு ஆய்வாளர் சார்ல்சு பிளாக்டன் அளித்த அறிக்கைகள் தெளிவாகக் காட்டின. ஏறத்தாழ 127 பாகை வரை சூடேற்றிய உலர்ந்த அறைக்குள் அவரும் தோழரும் சிலமணித்துளிகள் நின்று ஊறின்றி மீண்டனர். அங்கு வைத்த இறைச்சி வெந்தது, அவர்களுடல் வேகவில்லை. ஆயினும் நீராவி நிறைத்த அறையில், அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே, சார்ச்சு போர்டைசு என்ற மருத்துவரின் உடலிலிருந்து நீர் தாரையாய் வழிந்தது. அதிற் பெரும்பகுதி வியர்வையன்று, காற்றின் ஆவி உடலிற் படிந்து நீரான ஈரமே என்று பிளாக்டன் பதிவுசெய்தார். அவ்வாறு படியும் ஆவி உடலுக்கு மேலும் வெப்பத்தையே தருகிறது.

நம் மண்ணிலேயே நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. வேதியியலறிஞர் அம்பிரி டேவியின் தம்பி சான் டேவி, 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை மருத்துவராக இருந்தார். 1817இல் சிவனொளிபாத மலையும் ஏறினார். அவர் வெப்பமானியைக் கையிலெடுத்து, இங்கு வாழ்ந்த பல இன மக்களின் உடல் வெப்பநிலையை அளந்து வந்தார். குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வருபவரின் உடல் வெப்பநிலை சற்றே உயர்கிறது, இனத்துக்கு இனம் வேறுபாடோ மிகச் சிறிது என்பது அவர் கண்ட முடிபு. தோட்டங்கள் தோன்றுமுன்னரே எழுதப்பட்ட இம்முடிபு, பின்வந்த பெருந்தோட்ட முதலாளியரின் காதில் ஏறவில்லை. “இவர்கள் வெயிலுக்குப் பழகிய உடம்பு” என்னும் சொல் இன்றும் அங்கே வழங்குகிறது.

பழக்கம் பொய்யன்று. வெயிலில் ஒன்றிரு கிழமை உழைத்த உடல் முன்னதாகவே வியர்க்கத் தொடங்குகிறது, மிகுதியாக வியர்க்கிறது, உப்பைச் சேமித்துக்கொள்கிறது. ஆனால் அது முதன்மையாகக் கற்றுக்கொள்வது வியர்வையைச் சுரப்பதே. சுரந்ததை ஏற்காத காற்றின்முன் அத்திறமையால் நீரிழப்பே கூடும். பழகிய உடம்பென்று சொல்லிக் கொழுந்தின் நிறையைக் கூட்டுவதையும், அந்நிறையை எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுவதையும் அறிவியல் ஒருபோதும் தாங்கிநிற்காது.

தேயிலை நாட்டில் தேநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சூடான தேத்தண்ணி குடித்தால் உடம்பு குளிரும் என்பதைக் கேட்டு நகைப்போர் உளர். 2012இல் கனடாவின் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் ஒல்லி சேயும் தோழரும் நடத்திய ஆய்வு அக்கூற்றுக்கு வலுச் சேர்த்தது: சூடான நீர் வியர்வையைத் தூண்ட, அதன் ஆவியாதல் நீர் கொணர்ந்த வெப்பத்திலும் மிகுதியாக வெளியேற்றியது. ஆனால் வியர்வை முழுவதும் ஆவியாகும் நிலையில் கிட்டிய விடை அது. தெரணியகலையின் மழைக்காற்றில் அந்நிபந்தனை நிறைவேறாது. அங்கே தேத்தண்ணியின் நன்மை, இழந்த நீரை ஈடுசெய்வதே.

வேறு சில நம்பிக்கைகளை விரைந்து கடக்கலாம். தலைவழியே வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடும் என்பது அமெரிக்கப் படைக் கையேடொன்றிலும் ஏறிய கதை. தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், அதன்வழி வெளியேறும் வெப்பமும் அப்பங்குக்கு அருகிலேயே நிற்கிறது. மழையில் நனைந்தவனுக்கு ஒரு மிடறு சாராயம் சூடேற்றும் என்பதும் ஏமாற்றே. தோலின் குருதிக் கலன்கள் விரிவதால் சூடு தோன்றுகிறது, உள்ளுடலோ வெப்பத்தை இழக்கிறது. காய்ச்சல்காரரைக் கம்பளியால் மூடி வேர்க்கவைப்பது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுகிறது: மூளை தன் வெப்ப இலக்கைத் தாழ்த்திய பின்னரே வியர்வை பெருகுகிறது. எலிக்காய்ச்சல் மலிந்த இரத்தினபுரியில், வேர்த்துவிட்டதென்று ஆறுதலடைந்து மருத்துவமனைக்குப் போகாதிருப்பது உயிருக்கே ஊறு.

செடியின் ஈரம் படாதிருக்க இடுப்பில் சுற்றும் பொலித்தீன் விரிப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மழைநீரை வெளியே நிறுத்தும் அதே விரிப்பு நீராவியையும் உள்ளே நிறுத்துகிறது. உடலின் கீழ்ப்பாதி ஆவியாதலை இழக்கிறது. பரப்பால் இது சிறு இழப்பன்று. மழை விட்டதும் அதைக் கழற்றி வைக்க நேரம் தரப்பட வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் வளிமண்டலவியல் திணைக்களம், வெப்பநிலையோடு ஈரப்பதனையும் கூட்டிக் கணித்த வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகளை விடுத்து வருகிறது. இவ்விரு மாவட்டங்களும் அடங்கிய சப்பிரகமுவ மாகாணத்தின் பெயரும் அவற்றில் இடம்பெறுகிறது. காலையில் பெயர் பதியும் பெரட்டுக்களத்தில் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டைத் தொங்கவிட்டால் வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்து தரும் சுமையைத் தோட்டமே அளந்துகொள்ளலாம். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையானால் நலமுள்ள உடலும் தாங்காது என முன்பு கருதினர். 2022இல் பென்சில்வேனிய அரச பல்கலைக்கழக ஆய்வாளர், இளைஞர்களுக்கே, அதுவும் இலேசான அசைவில், எல்லை 31 பாகையை ஒட்டி நிற்பதைக் கண்டனர். 32 பாகையும் 75 விழுக்காடும் சேர்ந்த நண்பகலில் ஈரக்குமிழ் 28ஐக் காட்டும். கூடை சுமப்பவருக்கும் முதியவருக்கும் கருவுற்றவருக்கும் அதற்கும் எல்லைக்கும் இடையில் மிச்சமிருப்பது சிறிதே.

காற்று கைவிடும் இடத்தில் நீர் உதவும். ஒரே வெப்பநிலையில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஈரப்பதனால் அவ்வழிக்குத் தடையில்லை. உள்ளங்கைகளில் குருதி பெருகிப் பாயும் சிறப்புக் கலன்கள் உள்ளன. முன்கை இரண்டையும் குளிர்ந்த ஓடைநீரில் கால்மணி நேரம் அமிழ்த்தி வைத்தாலே உள்ளுடலின் சூடு தணியத் தொடங்கும். தோட்டந்தோறும் ஓடைநீரைக் கொணரும் பீலிகள் உண்டு. முற்பகலிலும் பிற்பகலிலும் அக்கால்மணி நேரத்தை, கூலி குறையாமல், வேலை நேரத்துக்குள்ளேயே தருவது நிர்வாகங்களின் கையில் இருக்கிறது.