விரல் நுனிகள் பேசும் நாள்



மக்கிப்போன எலும்புகளை ஒன்றுசேர்க்க இயலுமா என ஏளனம் செய்தோருக்கு, விரல் நுனிகளையும் செம்மையாக அமைக்க ஆற்றலுடையவன் தான் என்று அல்லாஹ் விடையளிப்பதைத் திருக்குர்ஆனின் 75ஆம் அத்தியாயம் 3, 4 வசனங்களில் காண்கிறோம்.

டென்மார்க் நாட்டின் கிரவுபல்லே என்னும் ஊரருகே, 1952 ஏப்ரல் 26 அன்று, எரிபொருளுக்காகச் சதுப்பு நிலத்தை வெட்டியவர்கள் ஒரு மனித உடலைக் கண்டனர். அதன் கழுத்து அறுக்கப்பட்டிருந்தது. முன்பு காணாமற்போன உள்ளூர்த் தொழிலாளியின் உடலே அது எனச் சிலர் வாதிட்டனர். ஆய்வுகளோ, அம்மனிதர் இறந்து ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டின.

காற்றுப் புகாத, குளிர்ந்த, அமிலத்தன்மை கொண்ட அந்நீரில் அழுகச் செய்யும் கிருமிகள் செயலிழக்கின்றன. அங்கு வளரும் ஸ்பாக்னம் பாசி தோலைப் பதனிட்டுவிடுகிறது. எலும்புகள் சுண்ணாம்புச் சத்தை இழந்து மென்மையாகியும், விரல் ரேகைகள் அழியவில்லை. காவல்துறையினர் அவற்றைத் தெளிவாகப் பதிவெடுத்தனர். எகிப்திய மம்மிகளைப் போல் உலர்ந்து சுருங்கிய உடல்களாயின், சோடியம் கார்பனேட்டும் ஆல்கஹாலும் கலந்த நீரில் ஊறவைத்துத் தோலை மென்மையாக்கியபின் பதிவெடுக்க முயல்வர்.

ரேகைகள் தாயின் கருவறையிலேயே உருவாகின்றன. அவற்றின் அமைப்பு தோலின் ஆழத்தில் வேரூன்றியிருப்பதால், மேற்தோல் தேய்ந்தாலும் அதே வடிவம் மீள்கிறது.

சகோதரர்களே! மேற்கண்ட வசனங்கள் துப்பறியும் கலையைக் கற்பிக்க அருளப்பட்டவையல்ல. மறுமையை மறுத்தோருக்கான மறுமொழி அவை. ஆயினும் இந்நிகழ்ச்சியில் நமக்கொரு படிப்பினை உண்டு. ரேகை கிடைத்தும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு ஏதும் இல்லாததால், அம்மனிதரின் பெயரை எவராலும் கூற இயலவில்லை. அவர் கழுத்தில் கத்தி வைத்த கை யாருடையது என்பதும் தெரியவில்லை. இவ்விரண்டையும் அல்லாஹ் அறிவான். வாய்கள் முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும் ஒரு நாளைப் பற்றி யாஸீன் அத்தியாயத்தின் 65ஆம் வசனம் எச்சரிக்கிறது.

உடன்பிறந்த சகோதரியை அழைத்து, வாரிசுப் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிய பத்திரத்தில், விவரம் சொல்லாமலே கைநாட்டு வாங்குவோர் நம்மிடையே இல்லையா? அப்பதிவு பத்திர அலுவலகத்தில் செல்லுபடியாகலாம். ஆனால் மை தடவி அவள் விரலைப் பிடித்து அழுத்திய நம் விரல்கள், அந்நாளில் என்ன சாட்சி சொல்லும்?

அவளுடைய உரிமையை இன்றே திருப்பிக் கொடுப்போம். நம் கைகள் நமக்கு எதிராகப் பேசாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.